றொக்கற்றை விட்டுத் தூரிகை எடுத்தவர்



வருஷா வருஷம் இந்த மலரிலே ஒரு பெரியவரின் வாழ்க்கைக் கதை வரும். இந்த முறை அதை என்ர தலையிலே கட்டிவிட்டார்கள். யாரை எழுதுவது எண்டு கன நாளாக யோசித்துப்போட்டு, தூரத்துக்குப் போகாமல், நாங்கள் வந்து குடியேறின இந்த ரெக்சஸ் மாநிலத்திலேயே பிறந்த ஒருவரை எடுத்துக்கொண்டேன். அவர் பெயர் பிராங்க் மலீனா. அமெரிக்காவின் றொக்கற் ஆராய்ச்சியைத் தொடக்கி வைத்த நாலைந்து பேரிலே ஒருவர். நாற்பது வயதளவிலே அதை விட்டு ஓவியரானவர். 1981இல் இறந்துபோனார். விண்வெளி ஆராய்ச்சிக்காரருக்கு அவரைத் தெரியும், ஓவியக்காரருக்கும் அவரைத் தெரியும். ஆனால் அந்த மலீனாவும் இந்த மலீனாவும் ஒரே ஆள்தான் என்பது இரு பகுதியிலும் பலருக்குத் தெரியாது.

ஹூஸ்ரனில் இருந்து ஒஸ்ரினுக்கு 290 நெடுஞ்சாலையாலே போற ஆக்கள் பிறென்ஹாம் என்ற ஊரைத் தாண்டித்தான் போகவேணும். சித்திரை பிறக்கிற காலத்திலே அங்கே வீதிக்கரை முழுக்க நீலப் பூப் பூத்துக் கிடக்கும். பிள்ளையளை அந்தப் பூவுக்குள்ளே இருத்திப் படம் எடுக்காத குடும்பம் எங்கட ஆக்களுக்குள்ளே குறைவு. புளூ பெல் ஐஸ்கிறீம் செய்யிறதும் அந்த ஊரிலேதான். 1912ஆம் ஆண்டு ஒக்ரோபர் 2ஆந் திகதி மலீனா அங்கே பிறந்தார்.

தகப்பன் ஐரோப்பாவிலே மொறாவியா என்ற பகுதியில் இருந்து வந்தவர். செக் மொழி பேசுகிற ஆக்கள். இசையோடு வாழ்ந்த குடும்பம். முதலாம் உலகப் போர் முடிந்து, செக்கோசிலோவாக்கியா என்ற புது நாடு பிறந்திருந்த நேரம், 1920இலே, குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிப் போனது. ஐந்து வருஷம் அங்கே இருந்தார்கள். பிறகு 1925இல் திரும்பவும் ரெக்சசுக்கே வந்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்பிப் போறதும், போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப வாறதும் எங்களுக்குப் புதிசல்ல. அந்த ஐந்து வருஷத்திலே பெடியன் ஒரு புத்தகத்தைச் செக் மொழியிலே வாசித்தான். பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வேர்ண் எழுதிய, சந்திரனுக்குப் போற கதை. பின்னாளிலே தன் ஆசை எங்கே தொடங்கியது என்று யாரும் கேட்டால் மலீனா அந்தப் புத்தகத்தைத்தான் சொல்லுவார்.

ரெக்சஸ் ஏ அண்ட் எம் கல்லூரியிலே 1934இல் இயந்திரப் பொறியியல் பட்டம் எடுத்தார். அமெரிக்கா முழுக்க வேலையில்லாத காலம் அது. நல்ல காலத்துக்குக் கலிபோர்ணியாவிலே பசடீனாவில் இருக்கிற கல்ரெக் நிறுவகத்திலே புலமைப்பரிசில் கிடைத்தது. அங்கே அவருக்கு வாய்த்த குரு, ஹங்கேரியிலே பிறந்த வான்பயணவியல் பேராசிரியர் தியடோர் வொன் கார்மான். கார்மானும் மொறிஸ் பியோ என்பவரும் சேர்ந்து பொறியியல் மாணவருக்காக ஒரு கணித நூல் எழுதினார்கள். 1940இல் வெளிவந்த அந்த நூலுக்குப் படங்கள் வரைந்து கொடுத்தவர் மலீனாதான். ஆகையாலே தூரிகை திடீரெண்டு வானத்தாலே விழவில்லை. கையிலே வரைகிற பழக்கம் முதலிலேயே இருந்தது.

றொக்கற் என்ற சொல்லுக்கு அந்த நாளிலே ஒரு மரியாதையும் இல்லை. சிறுவர் படக்கதைகளிலே வருகிற சாமான் அது. படித்த பேராசிரியர்மார் அதைப்பற்றிக் கதைத்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள். மலீனா அதிலேதான் ஆராய்ச்சி செய்யப்போறன் எண்டு நிண்டார். கார்மான் சம்மதித்தார். கூட்டுக்கு வந்த இரண்டு பேருமே பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர்கள். ஜாக் பார்சன்ஸ் வெடிமருந்தைப்பற்றித் தானாகவே படித்தவர். எட் ஃபோர்மன் கைதேர்ந்த மெக்கானிக். சீனாவில் இருந்து வந்த சியென் சுயே-சென் என்ற மாணவரும் பிறகு சேர்ந்துகொண்டார். கணக்கிலே புலி.

1936 ஒக்ரோபர் 31ஆந் திகதி, பசடீனாவுக்குப் பக்கத்திலே ஒரு வறண்ட ஆற்றுப் படுக்கையிலே முதல் பரீட்சை நடந்தது. மெதைல் மதுசாரமும் ஒட்சிசன் வாயுவும் எரிபொருள். சின்னஞ்சிறு இயந்திரம். நாலு தரம் முயன்றார்கள். கடைசித் தரம் ஒட்சிசன் குழாய் கழன்று தீப்பிடித்து, பாம்பு மாதிரிச் சுழன்று சுழன்று அடித்தது. எல்லாரும் ஓட்டம்! இண்டைக்குச் செவ்வாய்க் கிரகத்திலே வண்டி ஓட்டுகிற ஜே.பி.எல். என்ற ஆய்வுகூடம் தன் பிறந்தநாளாக எடுத்துக்கொள்வது அந்த நாளைத்தான்.

காசு ஒருத்தரும் தரவில்லை. பழைய இரும்புக் கடைகளிலே தேடிச் சாமான் வாங்கினார்கள். பிறகு வெல்ட் ஆர்னோல்ட் என்ற மாணவர் 1,000 டொலர் தாறன் எண்டு வந்தார். முதல் தவணையைப் பத்திரிகைத் தாளிலே சுற்றிச் சில்லறை நோட்டுக்களாகக் கொண்டுவந்து வைத்தாராம். எங்கட ஆக்கள் சீட்டுக் காசு கொண்டுவாற மாதிரி எண்டு வாசித்தபோது நினைத்தேன். கல்ரெக் கட்டடத்துக்குள்ளே ஒரு நாள் நச்சு வாயு பரவி, சுற்றியிருந்த கருவிகள் எல்லாம் கறள் பிடித்தன. அதோடு சாகப்போற பெடியள் எண்டு ஒரு பட்டப்பெயரும் வந்து சேர்ந்தது. கட்டடத்தாலே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

பிறகு போர் வந்தது. 1938இலும் 1939இலுமாக ஹிற்லர் செக் நாட்டை விழுங்கினான். மலீனா சிறுவனாக இருந்து படித்த மொறாவியாவும் அதிலே போனது. அமெரிக்க இராணுவ விமானப் படைக்கோ, பாரமான விமானங்களைக் குறுகிய ஓடுபாதையில் இருந்து மேலே கிளப்ப ஏதாவது வழி வேண்டியிருந்தது. 1939இல் முதலில் 1,000 டொலர், பிறகு 10,000 டொலர் கிடைத்தது. ஆயுத வேலை மலீனாவுக்கு விருப்பமான வேலை அல்ல. பாசிசத்தை நிறுத்தவேணும் எண்டுதான் அவர் அதற்கு ஒப்புக்கொண்டார். இதைக் கதையின் முடிச்சு எண்டு சொல்லலாம், ஏனெண்டால் போர் முடிந்த பிறகும் வேலை முடியவில்லை.

அதுவரைக்கும் அவர்கள் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திண்ம எரிபொருள் றொக்கற் ஒன்று வெடிக்காமல், சீராக, நீண்ட நேரம் எரியமுடியுமா என்ற கேள்விக்குக் கார்மானும் மலீனாவும் 1940இல் கணக்காலே விடை கண்டார்கள். எரிகிற பரப்புக்கும் வாயு வெளியேறுகிற துவாரத்தின் பரப்புக்கும் உள்ள விகிதம் மாறாமல் இருந்தால் முடியும். 1941 ஓகஸ்டிலே ஒரு சின்ன விமானத்தின் இறக்கைகளுக்குக் கீழே றொக்கற்றுகளைக் கட்டி அதைக் கிளப்பிக் காட்டினார்கள். 1942 மார்ச் மாதம் ஏரோஜெற் என்ற கம்பனியைத் தொடங்கினார்கள். அதே வருஷம் பார்சன்ஸ், றோட்டுக்கு ஊற்றுகிற தாரை உருக்கி அதோடு ஒட்சிசன் தருகிற உப்பைக் கலந்து ஒரு புது எரிபொருள் செய்தார். அதன் வழியிலே வந்த திண்ம எரிபொருள் முறைகள்தான் பிற்காலத்துப் பெரிய றொக்கற்றுகளிலே பாவிக்கப்பட்டன. 1944இல் ஜெட் உந்துகை ஆய்வுகூடம், அதாவது ஜே.பி.எல்., அந்தப் பெயரோடு நிலைபெற்றது. றொக்கற் என்ற சொல்லைக் கேட்டு ஆக்கள் சிரிப்பார்கள் எண்டுதான் ஜெட் என்று பெயர் வைத்தார்கள். கார்மான் வோஷிங்டனுக்குப் போக, அதன் பொறுப்பு மலீனாவின் கையிலே வந்தது. வயது 32.

1945 ஒக்ரோபரிலே நியூ மெக்சிக்கோவின் வைற் சாண்ட்ஸ் பாலைவனத்திலே வாக் கோப்பறல் என்ற அவருடைய றொக்கற் பறந்தது. மேல் வளிமண்டலத்தை அளக்கிறதுக்காக 30 கிலோமீற்றர் உயரம் போனால் காணும் எண்டு திட்டம் போட்டது. அது 70 கிலோமீற்றர் அளவுக்குப் போனது. அமெரிக்கா தானே செய்த றொக்கற் எதுவும் அதுவரைக்கும் அந்த உயரத்துக்குக் கிட்டவும் போனதில்லை. வேறு ஒருவர் என்றால் வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லியே வாழ்ந்திருப்பார்.

ஆனால் அதற்கு இரண்டு மாதம் முந்தித்தான் ஹிரோஷிமாவிலே குண்டு விழுந்திருந்தது. இராணுவத்துக்கு வளிமண்டலத்தை அளக்கிறதிலே பெரிய அக்கறை இல்லை. அதே ஆய்வுகூடத்திலே தயாராகிக்கொண்டிருந்த கோப்பறல் என்ற பெரிய ஏவுகணையிலேதான் கண். பின்னாளிலே அணுகுண்டு சுமந்த ஏவுகணை அது. மலீனா யோசித்தார். 1947இலே பரிசுக்குப் போய், புதிதாகத் தொடங்கியிருந்த யுனெஸ்கோவிலே சேர்ந்தார். நாடுகளின் விஞ்ஞானிகளை ஒன்றுசேர்க்கிற வேலை. வறண்ட நிலங்களை ஆராய்கிற திட்டத்திலே அவருக்குப் பெரிய பங்கு. எங்கட வேலூரிலே பிறந்த மல்கம் ஆதிசேசையாவும் 1948இல் இருந்து அதே யுனெஸ்கோவிலே வேலை செய்தவர் என்பதையும் இதிலே சொல்லிவைக்கிறேன்.

அவர் விட்டுவிட்டுப் போன வாக் கோப்பறல் சும்மா இருக்கவில்லை. ஜேர்மனியில் இருந்து கொண்டுவந்த வி-2 றொக்கற்றின் தலையிலே அதை ஏற்றி 1949 பெப்ரவரி 24ஆந் திகதி விட்டார்கள். ஏறக்குறைய 390 கிலோமீற்றர் உயரம்! மனிதன் செய்த ஒரு பொருள் அவ்வளவு உயரம் போனது அதுதான் முதல் தரம். இவர் அப்போது பரிசிலே ஒரு அலுவலக மேசையிலே இருக்கிறார்.

இனிச் சொல்லப்போறதுதான் எங்கட ஆக்களுக்குச் சட்டென்று விளங்கக்கூடிய பகுதி. முப்பதுகளின் கடைசியிலே, பசடீனாவிலே மலீனாவும் அவருடைய சில நண்பர்களும் பொதுவுடைமைக் கட்சிக்காரரின் கூட்டங்களுக்குப் போய்வந்தவர்கள். வேலையில்லாத் திண்டாட்டம், ஸ்பெயின் நாட்டுப் போர், ஹிற்லர், இவைதான் அங்கே பேச்சு. ஐம்பதுகளிலே அமெரிக்காவிலே அது பெருங் குற்றமாகிவிட்டது. கல்ரெக்கிலே இருந்த காலத்திலே அவர் நிரப்பிக் கொடுத்த ஒரு பழைய பாதுகாப்புப் படிவத்தை எடுத்துப் பார்த்து, அதிலே கட்சி அங்கத்துவத்தைக் குறிப்பிடவில்லை என்று 1952இல் அவர்மீது வழக்குத் தாக்கல் செய்தார்கள். அமெரிக்காவிலே கால் வைத்தால் கைது. பிறந்த நாட்டிலே தேடப்படுகிற ஆள் ஆனார்.

ஒரு படிவம். அதிலே ஒரு கேள்வி. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு பெட்டிக்குள்ளே அடையாளம். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அது திரும்பி வருகிறது. இதை வாசிக்கிறவர்களிலே படிவம் நிரப்பேக்க கை நடுங்காத ஆள் யார் இருக்கிறார்கள்? நான் இந்த நாட்டுக்கு வந்து கொடுத்த முதல் படிவத்தை மூன்று இரவு நித்திரை இல்லாமல் நிரப்பினேன்.

மற்றவர்களுக்கு இன்னும் மோசம். சியென் சுயே-செனை 1950இல் இருந்து ஐந்து வருஷம் நாட்டைவிட்டுப் போகவும் விடாமல், ஆராய்ச்சி செய்யவும் விடாமல் வைத்திருந்து, 1955இல் சீனாவுக்கு அனுப்பினார்கள். அவர் அங்கே போய்ச் சீனாவின் ஏவுகணைகளைக் கட்டிக் கொடுத்தார். பார்சன்ஸ் 1952இல் பசடீனாவிலே தன் வீட்டு வெடிவிபத்திலே இறந்தார். அதே காலத்திலே, ஹிற்லரின் கட்சியிலே அங்கத்தவராக இருந்து, லண்டனிலே விழுந்த வி-2ஐச் செய்த வேர்னர் வொன் பிறவுண் அமெரிக்கப் பத்திரிகைகளிலே கதாநாயகன். அவரை முதலில் கொண்டுவந்து குடியிருத்தியதும் இந்த ரெக்சசிலேதான், எல் பாசோவிலே. உலக நியாயம் எப்பிடி எண்டு பாருங்கோ.

1953இல் ஐ.நா. நிறுவனங்களிலே இருந்த அமெரிக்கர்களின் விசுவாசத்தை விசாரிக்கத் தொடங்கினார்கள். மலீனா அந்த வருஷம் யுனெஸ்கோவில் இருந்து விலகிக்கொண்டார். பரிசை அடுத்த புலோன் பகுதியிலே வீடு. மார்ஜரி என்ற இங்கிலாந்துப் பெண்ணை 1949இல் கலியாணம் செய்திருந்தார். இரண்டு சின்னப் பெடியள். வயது 40. ஒரு பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்கவில்லை, ஒரு கம்பனிக்கும் போகவில்லை. வீட்டிலேயே ஓவியக்கூடம் வைத்து முழுநேர ஓவியரானார்.

இந்த இடத்திலே என்ர தங்கச்சியைப்பற்றி ஒரு சொல் சொல்லவேணும். அவவின் மகள் இரசாயனத்திலே பட்டம் எடுத்து, ஆய்வுகூடத்திலே நல்ல வேலையிலே இருக்கிறா. போன வருஷம் வேலையை விட்டுப்போட்டு ஓவியம் படிக்கப்போறன் எண்டு சொல்லிவிட்டா. வீட்டிலே செத்தவீடு மாதிரி. போரிலே வீடு வாசலை விட்டு, கொழும்பிலே லொட்ஜிலே கிடந்து, இங்கே வந்து இரண்டு வேலை செய்து படிப்பிச்ச பிள்ளை. அண்ணா நீங்கள் ஒருக்கால் கதையுங்கோ எண்டு தங்கச்சி கேட்டா. நானும் ஒரு பொறியியலாளன்தானே, நல்ல புத்தி சொல்லுவன் எண்டு நம்பிக்கை. நான் மலீனாவின் கதையை இவ்வளவு தேடி வாசித்ததுக்குக் காரணம் அதுதான். ஆகையாலே தாய் தகப்பனுக்கு வேண்டியதையும் பிள்ளைக்கு வேண்டியதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

தாய் தகப்பனுக்கு வேண்டியது இது. மலீனா பட்டினி கிடந்து படம் வரையவில்லை. ஏரோஜெற் கம்பனியின் பங்குகளைப் பார்சன்சும் ஃபோர்மனும் போர்க் காலத்திலேயே விற்றுவிட்டார்கள். மலீனா தன் பங்கிலே ஒரு பகுதியை வைத்திருந்தார். அமெரிக்காவும் ரஷ்யாவும் போட்டி போட்டு ஏவுகணை செய்த காலத்திலே அதன் விலை ஏறிக்கொண்டே போனது. அதாவது எந்த ஆயுத வேலை வேண்டாம் எண்டு வெளியே வந்தாரோ, அந்த வேலையின் இலாபம்தான் அவருடைய ஓவியக்கூடத்துக்கு வாடகை கட்டியது. இது அவருக்கும் தெரியாமல் இருந்திருக்காது. அவரைத் துறவி மாதிரிக் காட்டுகிற கட்டுரைகள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. அது நியாயம் அல்ல.

பிள்ளைக்கு வேண்டியது இனி.

ஓவியத்துக்கு வந்த மலீனா படித்ததை மறக்க முயற்சிக்கவில்லை. அவருக்கு ஒரு குறை இருந்தது. மனிதன் அணுவைப் பிளக்கிறான், வானத்தைத் தொடுகிறான், ஆனால் ஓவியக்காரர் இன்னும் பழக்கூடையையும் ஆற்றங்கரையையுமே வரைகிறார்கள், இந்தப் புது உலகம் படத்திலே வரவில்லையே என்ற குறை. முதலில் கன்வசிலே வரைந்தார். பிறகு நூல்களை இழுத்துக் கட்டிப் பார்த்தார். பிறகு கம்பி வலைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தார். நுளம்பு வலை இரண்டு மடிப்பாக விழுகிற இடத்திலே அலை அலையாக ஒரு கோலம் தெரியும் பார்த்திருப்பீர்கள். தலையை அசைத்தால் அந்தக் கோலமும் ஓடும். அதைத்தான் அவர் பிடித்தார். படம் அசையாமல் இருக்க, பார்க்கிறவரின் கண்ணிலே அசைவு.

1954, 1955 அளவிலே மின்குமிழை உள்ளே வைத்தார். அணைந்து அணைந்து எரிகிற வெளிச்சம். 1956இல் லூமிடைன் என்று தானே பெயர் வைத்த ஒரு முறையைக் கண்டுபிடித்தார். அதன் அமைப்பைச் சொல்லுகிறேன், பொறியியல் தெரிந்த பிள்ளையளுக்கு உடனே விளங்கும். ஒரு ஆழமான பெட்டி. அடியிலே மின்குமிழ்கள். அதற்கு மேலே, நிறம் தீட்டின, ஒளி புகக்கூடிய வட்டத் தட்டுகள், சின்ன மோட்டராலே மெல்ல மெல்லச் சுற்றும். அதற்கு முன்னாலே நிறம் தீட்டின இன்னொரு தட்டு, அது சுற்றாது. எல்லாவற்றுக்கும் முன்னாலே வெளிச்சத்தைப் பரப்புகிற திரை. சுற்றுகிற தட்டின் நிறமும் நிற்கிற தட்டின் நிறமும் ஒன்றையொன்று கடக்கேக்க, திரையிலே உருவங்கள் பிறந்து, ஊர்ந்து, கரைந்து, வேறொன்றாக மாறும். எங்கட கோயில் திருவிழாக்களிலே மின் அலங்காரத்திலே வெளிச்சம் ஓடித் திரியுமே, அந்த வேகம் இல்லை. கோள்கள் சுற்றுகிற மாதிரி, அவசரம் இல்லாத ஓட்டம்.

கவனித்தீர்களோ? மோட்டர், தட்டு, வேகம், நேரக் கணக்கு. எல்லாம் இயந்திரப் பொறியியல். கல்ரெக்கிலே படித்த ஒன்றையும் அவர் எறியவில்லை. படங்களுக்கு வைத்த பெயர்களிலும் சுற்றுப்பாதைகளும் விண்மீன்களும்தான். ஒக்ஸ்போர்டிலே பேர்கமொன் பதிப்பகத்தின் கட்டடத்துக்காக 1965இல் செய்த பெரிய சுவர் ஓவியத்துக்குப் பெயர் கொஸ்மொஸ், பிரபஞ்சம். வானத்துக்கு ஆயுதம் அனுப்பமாட்டேன் எண்டு விலகின மனிதர் வானத்தை வீட்டுச் சுவரிலே கொண்டுவந்து மாட்டினார் எண்டு நான் விளங்கிக்கொள்கிறேன்.

இவர் பிக்காசோ மாதிரிப் பெரிய ஓவியரா எண்டு கேட்டால், அப்பிடி ஒருத்தரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். புத்தகத்திலே அச்சடித்த அவருடைய படங்களைப் பார்த்தால் ஏமாற்றமாகக்கூட இருக்கும். அசைகிற படத்தை நிறுத்திப் புகைப்படம் எடுத்தால் அதிலே என்ன மிஞ்சும்? பாடுகிறவரை வாய் திறந்தபடி படம் எடுத்த மாதிரித்தான். அசையும் ஓவியம் என்ற துறையிலே முன்னோடிகளிலே ஒருவர் என்ற இடம் அவருக்கு நிச்சயமாக உண்டு.

எங்கட ஆக்களிலே இப்பிடி ஒருத்தர் இல்லையோ எண்டு கேட்பவர்களுக்கு ஆனந்த குமாரசுவாமியை நினைவுபடுத்துகிறேன். சேர் முத்து குமாரசுவாமியின் மகன், 1877இல் கொழும்பிலே பிறந்தவர். மண்ணியல் விஞ்ஞானி. 1903 தொடங்கி மூன்று வருஷம் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவர். தோரியனைற் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்தவர். கல்லைத் தேடி ஊர் ஊராகப் போன இடத்திலே கைவினைகள் அழிகிறதைக் கண்டு கலைக்குத் திரும்பி, 1917இல் இருந்து பொஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகத்திலே இருந்து, 1947இல் இந்த அமெரிக்காவிலேயே இறந்தார். அவர் ஓவியராகவில்லை, கலையைப்பற்றி எழுதினார். ஆனாலும் கனிமத்தைப் பிரித்துப் பார்த்த அதே கண்ணாலேதான் சிற்பத்தையும் பார்த்தார் எண்டு அவருடைய எழுத்தை வாசித்தால் தெரியும்.

மலீனா செய்தவற்றிலே கன காலம் நின்று பிடித்தது படங்களைவிட ஒரு சஞ்சிகைதான் என்பது என் எண்ணம். 1968இல் பரிசில் இருந்து லியனார்டோ என்ற பெயரிலே அதைத் தொடங்கினார். ஓவியமும் விஞ்ஞானமும் ஒரே கையிலே இருந்த லியனார்டோ டா வின்சியின் பெயர். அதிலே ஒரு விதி வைத்தார். ஓவியர் தன் வேலையைப்பற்றித் தானே எழுதவேணும். விமர்சகர் வந்து புகழ்ந்து எழுதுகிற வேலை இல்லை. என்ன பொருள் பாவித்தீர், எப்பிடிச் செய்தீர், எங்கே பிழைத்தது, ஏன் அப்பிடிச் செய்தீர். விஞ்ஞானி தன் பரிசோதனையை எழுதுகிற மாதிரி. பலருக்கு இது எரிச்சல். கலையை இப்பிடிக் கணக்குப் பார்க்கலாமோ எண்டு கேட்டார்கள். மலீனா விடவில்லை. ஒருவர் கண்டுபிடித்த வழி மற்றவருக்கும் பயன்படவேணும் என்பது ஆய்வுகூடத்திலே பழகின பழக்கம்.

விண்வெளியையும் முழுக்க விட்டுவிடவில்லை. அந்த வழக்கு ஐம்பதுகளோடு ஓய்ந்துபோனது. கார்மானோடு சேர்ந்து 1960இலே சர்வதேச விண்பயணவியல் கழகத்தைத் தொடங்கினார். 1963இல் கார்மான் இறக்க, அதன் தலைவரானார். சந்திரனிலே எல்லா நாட்டுக்கும் பொதுவான ஒரு ஆய்வுகூடம் கட்டவேணும் என்று ஒரு குழு வைத்து வேலை செய்தார். அதுவும் ஆயுதம் இல்லாத வானம் என்ற அதே ஆசைதான். 1958 ஜனவரி 31ஆந் திகதி அமெரிக்காவின் முதல் செய்மதி எக்ஸ்புளோரர் பறந்தது. அதைச் செய்தது அவர் தொடங்கின ஜே.பி.எல். அந்த இரவு பத்திரிகைப் படத்திலே ஜே.பி.எல்.இன் அப்போதைய தலைவரும் வொன் பிறவுணும் விஞ்ஞானி வான் அலனும் செய்மதியின் மாதிரியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மலீனா புலோனிலே நிறத் தட்டுகளைச் சுற்றவிட்டுக்கொண்டிருந்த காலம் அது.

இன்னொரு பழக்கமும் அவரிடம் இருந்தது, அது எனக்குப் பிடித்தது. கலிபோர்ணியாவிலே படிக்கிற காலம் தொடங்கிப் பிறென்ஹாமிலே இருந்த தாய் தகப்பனுக்கு ஒழுங்காகக் கடிதம் எழுதுவார். இன்று என்ன பரிசோதனை செய்தோம், எது வெடித்தது, காசு எவ்வளவு குறைவு, எல்லாம். அவர்கள் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். பின்னாளிலே அவர் றொக்கற் ஆராய்ச்சியின் வரலாற்றை எழுதினபோது, திகதி திகதியாகச் சொல்ல முடிந்தது அந்தக் கடிதங்களாலேதான். எங்கட வீடுகளிலே இடம்பெயர்வோடு இடம்பெயர்வாகப் போன கடிதக் கட்டுகளை நினைத்தால் வயிறு எரிகிறது.

1981 நவம்பர் 9ஆந் திகதி, 69 வயதிலே, புலோனிலே மலீனா காலமானார். மூத்த மகன் றோஜர் வானியலாளர். அப்போது கலிபோர்ணியாவிலே பேர்க்லியில் இருந்தவர். தகப்பனின் சஞ்சிகையைச் சான் பிரான்சிஸ்கோ குடாப் பகுதிக்குக் கொண்டுவந்து, 1982இல் அதற்கென ஒரு அமைப்பும் தொடங்கினார். பகலிலே விண்வெளித் தொலைநோக்கி வேலை, மிச்ச நேரத்திலே ஓவியரின் கட்டுரைகள். 1993இல் இருந்து எம்.ஐ.ரி. பதிப்பகம் அதை வெளியிடுகிறது. குடாப் பகுதியிலே இருக்கிற எங்கட பிள்ளையள் பல்கலைக்கழக நூலகங்களிலே பழைய இதழ்களைத் தேடிப் பார்க்கலாம். ஓவியரும் பொறியியலாளரும் தங்கள் தங்கள் கையாலே எழுதின கட்டுரைகள் அதிலே அடுத்தடுத்து இருக்கும்.

அவருடைய பெட்டி ஓவியங்களிலே பல இன்னும் இருக்கின்றன. மின்குமிழ் எரிந்து போனால் புதிது போடவேணும், மோட்டர் நின்றால் ஆரும் கழற்றிப் பார்த்துப் பூட்டவேணும்.